கேஸுக்குக் கொடுத்த ஆள்

பனியைப் பார்த்தால் உப்பளம் ஞாபகம் வருமே என்று இங்கே என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். வராது. பனி ஈரம், காலுக்கடியில் நசநசவென்று போகும். உப்பு சுடும். மாசி முடிந்து பங்குனி பிறந்ததும் மரக்காணத்து அளத்தில் உச்சி வெயிலில் நின்று பாருங்கள். மேலே இருந்து ஒரு வெயில், கீழே இருந்து ஒரு வெயில். கண்ணை இடுக்கிக்கொண்டுதான் நடக்க முடியும். இடுக்கிய கண்ணுக்குள் பாத்திகள் எல்லாம் மெல்ல அசைய ஆரம்பிக்கும். தூரத்தில் கூடையோடு போகிற பெண்களுக்குக் கால் இருக்காது, இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்துகொண்டு போவார்கள். யாரோ யாரையோ கூப்பிடுவார்கள், எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது. அந்த அளத்தில் இருந்த வருஷங்களில் நான் பாதித் தூக்கத்தில்தான் இருந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. சில சமயம் இங்கே விடிகாலையில் விழிப்பு வரும்போது, நிஜமாகத் தூங்கிக்கொண்டிருப்பது எந்த ஊரில் என்று கொஞ்ச நேரம் புரிவதில்லை.

இப்போது நான் இருக்கிற நாட்டின் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா இன்றைக்கும் ‘பாரின்’ என்றுதான் சொல்கிறாள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். இந்தப் பாரினுக்கு நான் வந்து சேர்ந்த கதையை ஒரு பஸ் கண்ணாடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அளத்தில் லாரிக்கு லோடு சீட்டு எழுதுவது என் வேலை. ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. பன்னிரண்டாவது வரை படித்ததற்குக் கூடை தூக்காமல் நாற்காலி கிடைத்தது. அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அதே அளத்தில் உப்பு வாரினாள். எனக்கு ஒரே ஒரு தம்பி, என்னைவிட ஆறு வயது சின்னவன். காலையில் கடற்கரை மணலில் ஓடுவான், சாயங்காலம் சவுக்குத் தோப்பில் கயிறு கட்டி ஏறுவான். போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். வீட்டில் முட்டை அவனுக்கு மட்டும்தான். எனக்கு ஒன்று கேட்டால், “நாற்காலில குந்திக்கினு இருக்கறவளுக்கு எதுக்குடி முட்டை?” என்பாள் அம்மா.

இரண்டாயிரத்து நாலு கோடையில் எங்கள் ஊருக்குத் தண்ணீர் லாரி வருவது நின்றுபோனது. உப்புத் தண்ணீருக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை, குடிக்கத்தான் ஒரு சொட்டு இல்லை. யார் யாரிடமோ சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒருநாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் உட்கார்ந்துவிட்டோம். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். பெண்களை அடிக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. நானும்தான் உட்கார்ந்தேன். தார் இளகிப் புடவையில் ஒட்டிக்கொண்டது. ஒரு பஸ் ஓரமாக இறங்கி எங்களைத் தாண்டிப் போய்விடப் பார்த்தது. என் தலைக்கு மேல் ஏதோ பறந்தது. பஸ்ஸின் முன்கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே யாருக்கும் கீறல்கூட இல்லை, மாரியாத்தா புண்ணியம். திரும்பிப் பார்த்தேன். என் தம்பி நின்றுகொண்டிருந்தான். எறிந்த கையை இன்னும் இறக்காமல், அது யாருடைய கையோ என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலமே தண்ணீர் லாரி வந்துவிட்டது. கூடவே போலீஸும் வந்தது. உடைந்தது அரசாங்க பஸ், யாராவது பதில் சொல்லியாக வேண்டும், பெயர்களைக் கொடுங்கள் என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேஸ் என்று வந்துவிட்டால் யார் செய்தது என்று தேட மாட்டார்கள், யார் தாங்குவார்கள் என்று தேடுவார்கள். கேஸுக்கு ஆள் கொடுப்பது என்று அதற்குப் பெயர். அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறவன் கூடாது, கைக்குழந்தைக்காரி கூடாது, கல்யாணம் நிச்சயமானவர்கள் கூடாது. மிச்சம் இருக்கிறவர்களில் ஊரே உட்கார்ந்து பேசி ஆளை எடுத்துக் கொடுக்கும். வக்கீலும் அபராதமும் ஊர்ச் செலவு. ஸ்டேஷனுக்கும் இதெல்லாம் தெரியும். அவர்களுக்கும் வேலை முடிந்தால் சரி.

மறியலுக்கு ஏழெட்டுப் பெண்களின் பெயர் சுலபமாகக் கிடைத்தது. கல்லுக்குத்தான் தனியாக ஆள் வேண்டியிருந்தது. அம்மன் கோயில் வாசலில் எல்லோரும் கூடியிருந்தோம். தம்பி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். எறிந்தது அவன்தான் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“நீ ஒத்துக்கயேன்டி.”

“நானா?”

“அவனுக்கு வேலை வரணும். கேஸு கீஸுன்னா எடுக்க மாட்டான். உனக்கு என்ன? நீ எங்க போவப் போற?”

தம்பிக்காகப் பழி ஏற்பது எனக்கு ஒரு விஷயமே இல்லை. அவன் வந்து கேட்டிருந்தால் நானே போய் நின்றிருப்பேன். ஆனால் நான் எங்கும் போக மாட்டேன் என்று அத்தனை பேருக்கு முன்னால் அம்மா அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள் பாருங்கள், அதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. வந்த வரன் எல்லாம் என் வாய்க்குப் பயந்தோ என்னவோ திரும்பிப் போயிருந்தது வாஸ்தவம்தான். அதற்காக அப்படியா சொல்வது? “சரி, எம் பேரையே எழுதிக்குங்க. நான்தான் எங்கயும் போவப் போறதில்லையே,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். கொட்டகைக்குள் உட்கார்ந்து அழுதேன்.

திண்டிவனத்தில் கோர்ட். வக்கீல் ஏதேதோ பிரிவைப் பேசிக் கேஸைச் சின்னதாக்கி வைத்திருந்தார். “இல்லேன்னு சொன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்மா. ஒத்துக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்,” என்றார். எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் ஒத்துக்கொண்டு வருவார்கள். நீதிபதி கேட்டார், கல் எறிந்தாயா என்று. எறிந்தேன் என்றேன். கொஞ்சம் அபராதம், கோர்ட் கலையும் வரை சிறை என்று தீர்ப்பு. சிறை என்றால் கம்பி எண்ணுகிற சிறை இல்லை. நீதிபதி சாயங்காலம் எழுந்து போகிற வரைக்கும் நாங்கள் அந்தக் கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது என் வாழ்க்கையில் நான் கண்ட நல்ல பகல்களில் ஒன்று. பின்பெஞ்சில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி. வெயில் இல்லை, லாரி இல்லை, யாரும் சீட்டுக் கேட்கவில்லை. யார் யாருடைய வரப்புத் தகராறோ, ஜீவனாம்சமோ காதில் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் காற்று போய்க்கொண்டே இருந்தது. காவலுக்கு நின்ற பெண் போலீஸ் ஒரு கொய்யாவை நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் போட்டு எனக்கும் கொடுத்தாள். நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன். கனவில் அந்தக் கல் போய்க்கொண்டே இருந்தது, எதிலும் படாமல், மெதுவாக, கடலுக்கு மேலே. எல்லோரும் எழுந்து நின்றபோதுதான் விழித்தேன். நீதிபதி போய்விட்டார். என் தண்டனை முடிந்துவிட்டது.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. எங்கள் வீடு சாலைக்கு மேற்கே இருந்ததால் நாங்கள் இருந்தோம். அளம் முழுக்கச் சேறு. பாத்திகளை எல்லாம் வழித்து, மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்தி, முதல் உப்பு விளைய மறுவருஷம் பங்குனி ஆகிவிட்டது.

அந்தப் பங்குனியில்தான் அவர் வந்தார். குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதிக்குப் பின்னால் அடுப்பு கட்டி ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர். கடை உப்பில் ரொட்டி சரியாக வரவில்லையாம், விளைகிற இடத்திலேயே கல் உப்பு வாங்க வேண்டும் என்று ஒரு பழைய மொபெட்டில் வந்திருந்தார். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், வெயிலில் வெந்த மூக்கு. ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றார். “இன்னாடி, அந்தாளு கல்கண்டு திங்கற மாதிரி திங்கறான்,” என்று பெண்கள் சிரித்தார்கள். ஒரு மூட்டை வாங்கி மொபெட்டில் கட்டிக்கொண்டு போனார்.

ஒரு மூட்டை உப்பு ஒரு ரொட்டிக் கடைக்கு எத்தனை மாதம் வரும்? அடுத்த வாரமே மறுபடி வந்து நின்றார். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

“என்னங்க, ரொட்டியில உப்பா, உப்புல ரொட்டியா? அதுக்குள்ள தீந்துடுச்சா?”

அவர் அடுப்படியில் வேலை செய்கிறவர்களிடம் கற்ற தமிழில், எங்கள் ஊர்க்காரர் மாதிரியே பதில் சொன்னார். “உப்பு இருக்குது. உங்கள பாக்க வந்தேன்.”

கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. எனக்கு முகம் சுட்டது. ஏதாவது சாக்குச் சொல்லக்கூடத் தெரியாத மனுஷன் ஒருவர் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன். உண்டு, அவர்தான். கடைக்கு வருகிறவர்களிடம், இன்றைக்கு ரொட்டி புளித்துவிட்டது, வாங்காதீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். நம்மைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பார், பிடித்தால் பிடிக்கிறது என்பார். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அவர் வராத வாரம் நாள் ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல் மலைக்குப் போனோம். மேலே கோயிலுக்குப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தால் எங்கள் பக்கம் முழுக்கத் தெரியும், வயல், ஏரி, அதற்கப்புறம் வெளுப்பாக ஒரு கோடு, அதற்கப்புறம் கடலா வானமா என்று தெரியாத ஒன்று. துணி துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது என்றார். அங்கேதான் கண்ணாடி கேஸை அவரிடம் சொன்னேன். எறிந்தது தம்பி, ஒத்துக்கொண்டது நான், கோர்ட்டில் தூங்கியது, கொய்யா, எல்லாவற்றையும். “செய்யாதத செஞ்சேன்னு எப்பிடி சொல்ல முடியும்?” என்று கேட்டார். “வாயாலதான்,” என்றேன். சிரித்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, நான் இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று.

அந்த வருஷக் கடைசியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பொம்மையார்பாளையத்தில் ஒரு மாடி அறைக்குப் போனோம். ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள், பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா அழுது ஓய்ந்த பிறகு, பஸ் ஏறினால் வந்து பார்க்கிற தூரத்தில்தானே இருக்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். விடிவதற்குள் அவர் மாவு பிசையப் போய்விடுவார். நான் மாடியில் நின்று கடலைப் பார்ப்பேன். அந்த மாதங்களில் எனக்குக் கால் தரையில் பட்டதாக நினைவில்லை. மாவு வாசனையும் கடல் வாசனையும் கலந்து ஒரே வாசனையாக என் புடவையில் இருந்தது.

மறுவருஷம் சித்திரையில் இடி விழுந்தது. அவருக்கு இந்தியாவில் தங்குவதற்கான அனுமதியை இனிமேல் நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மழைக்காலத்துக்குள் ஊருக்குப் போய்விட வேண்டும். மனைவியாக நானும் கூடப் போகலாம், அதற்கு விசா வேண்டும். விசாவுக்கு என்மேல் வழக்கு ஒன்றும் இல்லை என்று போலீஸிலிருந்து சான்று வேண்டும். ஸ்டேஷனில் எழுதுகிறவர் என்னைப் பார்த்ததும், “நீதானம்மா பஸ் கண்ணாடி?” என்றார் அன்பாக. “தம்பிக்கு வேலை கெடச்சிடுச்சாமே, சந்தோஷம். ஆனா இருக்கறதத்தான் நான் எழுத முடியும்.” எழுதினார். அபராதம், சிறைத் தண்டனை, நீதிமன்றம் கலையும் வரை.

அந்தச் சிறை என்ற வார்த்தையைப் பார்த்து அவர் நாட்டு விசா அலுவலகம் முழித்துக்கொண்டது. இருவரும் சென்னைக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் முடிவு என்று தகவல் வந்தது.

“நல்லதாப் போச்சு. நான் எறியலன்னு சொல்லிடு,” என்றார் அவர்.

“அப்ப யார் எறிஞ்சதுன்னு கேப்பாங்களே?”

“தம்பின்னு சொல்லு. உண்மை அதான?”

தம்பி அப்போது தேர்வாகிப் போலீஸ் பயிற்சியில் இருந்தான். அவன்மேல் ஒரு புகாரும் இல்லை என்று விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு எடுத்த வேலை. நான் ஒரு இடத்தில் வாயைத் திறந்தால் அது எங்கே எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? அவன் வேலை போவதோடு, கோர்ட்டில் பொய் சொன்னதற்கு நானும் மாட்டுவேன். “எறிஞ்சேன்னுதான் சொல்லப் போறேன்,” என்றேன்.

“நீ என்ன வேணா சொல்லு,” என்றார். “என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வராது.”

“அப்ப நீங்க தனியாவே ஊருக்குப் போங்க.”

சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டோம். ரொட்டி இரண்டு நாள் கருகியது. அவர் இல்லாமல் அந்த மாடியில் நான் நின்றுகொண்டிருப்பதை நினைத்துப் பார்ப்பேன். தம்பி போலீஸ் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி மணலில் நிற்பதை நினைத்துப் பார்ப்பேன்.

தம்பி விடுப்பில் வந்திருந்தான், பார்க்க ஊருக்குப் போனேன். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். ஒட்ட வெட்டிய தலையோடு அவனைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. பரிமாறும்போது விஷயத்தைச் சொன்னேன்.

“அங்க என்ன கேப்பாங்க?” என்றான்.

“கல்ல நீதான் எறிஞ்சியான்னு கேப்பாங்க.”

அவன் குனிந்தபடி முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பிரித்தான். “இன்னும் கொஞ்சம் சோறு போடுக்கா,” என்றான்.

போட்டேன். நான் வந்து சொல்லிடட்டுமாக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். போடா, போய் உன் வேலையப் பாரு என்று அடித்துத் துரத்தியிருப்பேன். மறுப்பதற்குக்கூட அவன் எனக்கு ஒரு வாய்ப்புத் தரவில்லை. இன்றைக்கு அவனுக்கு இரண்டு பிள்ளைகள், போனில் பாசமாகப் பேசுகிறான், நானும் பேசுகிறேன். அந்தச் சோற்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

சென்னைக்குக் கிளம்பிய அன்று விடிகாலையில் எங்கள் பஸ் ஊரில் நின்றபோது பார்த்தால், அம்மா மடிப்புக் கலையாத புடவை கட்டி, ஒரு ஒயர்க்கூடையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள்.

“நீ எங்க வர்ற?”

“நானும் வர்றேன். கல்ல எறிஞ்சது நான்னு சொல்லிடறேன். பெத்தவளுக்காவ மவ ஒத்துக்கிச்சுன்னு சொல்லு. உனக்கு விசா குடுத்துடுவான்.”

“அப்புறம் உன்ன புடிச்சிக்கினு போவாங்களே?”

“போனா போவுது. எனக்கு என்ன, நான் எங்க போவப் போறேன்?”

இரண்டு வருஷமாக நெஞ்சில் முள்ளாக வைத்துக்கொண்டிருந்த கேள்வி. அவளுக்கு அது குத்திக்காட்டுவதே இல்லை போலிருக்கிறது. யாரால் தாங்க முடியும் என்று பார்ப்பாள், தன்னையும் அந்த வரிசையில்தான் நிறுத்திப் பார்ப்பாள். நான் அவரிடம் விளக்கிச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “உங்க ஊர்ல யாருமே உண்மைய சொல்ல மாட்டீங்களா?” என்றார். அந்த வாரத்தில் என்னிடம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். பஸ் அளத்தைத் தாண்டியது. விடிகிற நேரம், பாத்திகளில் நின்ற தண்ணீரில் வானம் இளஞ்சிவப்பாகக் கிடந்தது, ஒரு மனுஷர் இல்லை. மூன்று பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனோம்.

அம்மாவை வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. வெளியே நடைபாதையில் ஒரு புங்கமரத்தடியில் கூடையோடு உட்கார்ந்தாள். “தேவைப்பட்டா கூப்புடு,” என்றாள்.

உள்ளே குளிர் நடுக்கியது. கண்ணாடி போட்ட, நரைத்த தலை அம்மாள் ஒருத்தி, பக்கத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு சென்னைப் பெண். அந்த அம்மாள் காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“பஸ் மேல கல் எறிஞ்சது நீங்கதானா?”

“ஆமாங்க.”

“ஏன் எறிஞ்சீங்க?”

அதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் தானாக வந்தது. லாரி வராத நாட்கள், ஊற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடித்து ஊரில் குழந்தைகளுக்கு வயிறு போனது, மனுக் கொடுக்கப் போன இடத்தில் எங்களை உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லாதது, அந்த பஸ் எங்களைப் பார்க்காத மாதிரி ஓரமாக ஒதுங்கிப் போனது. எனக்குக் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்கியது. சொல்லச் சொல்ல என் கையிலேயே கல் கனக்கிற மாதிரி இருந்தது. சென்னைப் பெண் மொழிபெயர்ப்பதை நடுவில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். ஒரு கண்ணாடி உடைந்தது தங்களுக்குப் பெரிய விஷயமில்லை என்றார். வருகிறவர்கள் தங்களிடம் உண்மை பேசுகிறார்களா என்பதுதான் முக்கியம் என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார். கல்யாணத்துக்கு முன்பே இது உங்களுக்குத் தெரியுமா? இதைச் செய்தது இவர்தான் என்று இவரே உங்களிடம் சொன்னாரா?

ஏஸி சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அவரைத் தெரியும். புளித்த ரொட்டியைப் புளிக்கவில்லை என்று சொல்லத் தெரியாதவர். முடிந்தது என்று நினைத்தேன். விசா போயிற்று, தம்பி வேலை போயிற்று, இனிமேல் இவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன், என் முகத்தில் இவர் எப்படி விழிப்பார். கண்ணை மூடிக்கொண்டேன்.

“தெரியும்,” என்றார் அவர். “ஒரு மலைமேல் உட்கார்ந்து சொன்னாள். கல்லை எறிந்தது தான்தான் என்று சொன்னாள்.”

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் நேராக அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது. அந்த அம்மாள் தலையை ஆட்டி ஏதோ எழுதினார், சிரித்தார், அடுத்த வாரம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளலாம் என்றார். நேர்மையாகப் பேசியதற்கு நன்றி என்று எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவர் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. நான் தொட்டேன். “ஒண்ணும் இல்ல,” என்றார். அதுவும் பொய்தான். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்தது என்று சொல்ல மாட்டேன். அவரிடம் இருந்த ஒன்றே ஒன்றை எங்கள் வீட்டுக்காக அவர் கொடுத்துவிட்டார் என்று தெரிந்து வந்த அழுகை.

அம்மா மரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். “நான் எப்ப உள்ள போவணும்?”

“போவ வேணாம்மா.”

“ஏன்டி? கேக்கலையா?”

“கேட்டாங்க. வேற ஆள் கெடச்சிட்டாரு.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் நின்ற அவரைப் பார்த்தாள். அதற்கு மேல் எங்கள் ஊர்க்காரிக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. அன்றுவரை அவரிடம் அவள் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை, எல்லாவற்றையும் என்னிடம் சொல்லித்தான் சொல்லச் சொல்வாள். இப்போது ஒயர்க்கூடையைத் திறந்து தூக்குச் சட்டியை எடுத்தாள், மரத்தடியில் தன் முந்தானையால் தரையைத் தட்டி இடம் பண்ணினாள்.

“வாங்க மாப்ள, குந்துங்க,” என்றாள் அவரைப் பார்த்து. “வெறும் வயித்தோட வந்தீங்க. மொதல்ல நீங்க சாப்புடுங்க.”

அவர் போய் உட்கார்ந்தார். புளிச்சோறு. அம்மா போடப் போட, தலை நிமிராமல் சாப்பிட்டார்.